இடையிலுள்ள மூன்று மாதங்கள்

வயது பதினெட்டு நிறைந்ததும் நம் வீட்டு இளைஞர்கள் கேட்கும் முதற் கேள்வி, "லேர்னர்ஸ் எப்போது போகலாம்?" என்பதே. ஊரார் நாவில் லேர்னர்ஸ் என்பது சாரதிப் பயிற்சிப் பாடசாலை. செய்முறைப் பரீட்சைக்குப் பெயர் 'ட்ரயல்'. அனுமதிப்பத்திரம் கைக்கு வருமுன் கடக்கவேண்டிய கட்டங்களை எக்காலத்தில் வைத்துக்கொள்வது என்பது பற்றி நாம் இங்குச் சிறிது பேச விரும்புகின்றோம்.

முற்பகுதி எளிது. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சைக்கு நாள் பெறுதல் வேண்டும். பார்வை மங்கலாயிருப்போர் கண்ணாடி வாங்கிய பின்பே மருத்துவச் சோதனைக்குச் செல்வது நன்று. வினாக்கள் 40, தமிழிலேயே விடையளிக்கலாம். வீதிக் குறியீடுகளை அட்டையைப் பார்த்து மனனஞ் செய்வோர் பலர். அதனிலும், சந்தைக்குப் போகும் வழியிற் காணும் பலகை ஒவ்வொன்றுக்கும் பொருள் யாதெனத் தம்பி தங்கையருக்குச் சொல்லிக்கொண்டு போவது மேல்.

இதிற் சித்தியடைந்தோர்க்கு 18 மாதங்கள் செல்லுபடியாகும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். ஆயின் ட்ரயலுக்கு மூன்று மாதங்கள் பொறுத்தல் வேண்டும். இதனை வீண் காத்திருப்பு என முணுமுணுப்போர் உளர். எமக்கோ, இவ்வேற்பாட்டின் உயிரே அம்மூன்று மாதங்களில்தான் இருப்பதாகத் தோன்றுகின்றது. பலர் எண்பது நாள்களை வாளாவிருந்து கழித்துவிட்டு, இறுதிப் பத்து நாள்களில் மைதானத்துக்கு ஓடுகின்றனர். நட்ட கம்புகளுக்கிடையே பின்னோக்கிச் செலுத்தும் வித்தை பத்து நாளில் வந்துவிடும்; வீதி வந்துவிடாது.

யாழ்ப்பாணத்தார்க்கு ஒரு யோசனை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் மூடப்பட்டு, நகரமே வேறு முகங் காட்டும். அது கழிந்தபின், புரட்டாதியில் எழுத்துப் பரீட்சையை வைத்துக்கொண்டால், பயிற்சிக் காலம் மாரியோடு சேர்ந்து வரும். "மழை விடட்டும்" என்று தாய்மார் தடுப்பர். தடுக்கவேண்டாம் என்பதே எமது கட்சி. 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடுகின்றது. நனைந்த வீதியில் பிரேக்கை மிதித்தபின்னும் அது வழுக்கிக்கொண்டு செல்லும் தூரத்தை, பயிற்றுநர் அருகிலிருக்கும்போதே உணர்ந்துகொள்ளல் வேண்டுமன்றோ? பின்னிருக்கையில் அமர்ந்த தந்தையார், தம் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார், அதனைப் பொருட்படுத்தற்க!

இரவுப் பயிற்சியும் அவ்வாறே. ஆண்மக்கள் கடல் கடந்துபோன வீடுகள் நம்மிடையே எத்தனை! நடுநிசியில் மூச்சுத் திணறும் முதியவரைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு, அனுமதிப்பத்திரம் பெற்ற மகள்மீது விழுகின்றது. எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் கண் கூசும்போதும், தாரின் வெப்பத்தை நாடி வீதியிற் படுத்திருக்கும் மாடுகள் திடீரெனத் தோன்றும்போதும், பகல் பத்து மணிக்கு மட்டும் பழகிய கை என் செய்யும்?

ரயிற் கடவை தனியே கூறத்தக்கது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்தோர்க்கு, தண்டவாளத்தருகே நின்று இருபுறமும் நோக்கும் வழக்கம் வீட்டிலிருந்து வந்ததன்று. காவலாளியற்ற கடவை வழியிலிருப்பின், பயிற்சி நாள்களில் அதனைத் தேடிச் செல்க. வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதாலுங் கேட்கப் பழகுக.

ட்ரயல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் நேரத்துக்கு உறங்குக. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தோளிற் கைபோடும் தரகரை விலக்கி நடக்க. ஆசனம், கண்ணாடி, பட்டி மூன்றையும் சரிசெய்த பின்னரே சாவியைத் திருகுக. தவறினும் 18 மாதங்கள் முடியுமுன் மீண்டும் நாள் கேட்கலாம். அதுவரை வாரம் ஒருமுறையேனும், எல் பலகையைக் கட்டிக்கொண்டு, பயிற்றுநருடன் வீதிக்குச் செல்க.