கணினி சொல்லும் கணக்கு

தோட்டத்துக் கணக்கு செக்ரோல் புத்தகத்தை விட்டுக் கணினிக்குள் புகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அதனால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். ஆயினும் அதனோடு ஒரு புதிய நம்பிக்கையும் நம்மிடையே குடியேறிவிட்டது. சம்பளச் சீட்டில் ஐந்து வெள்ளி குறைந்தது ஏனென்று ஒரு தொழிலாளி வினவினால், "கம்ப்யூட்டர் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்ற விடை வருகிறது. கேட்டவரும் பேசாமல் திரும்பிவிடுகிறார். முன்னாளில் தலையெழுத்து என்றதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

கிராணி உத்தியோகம் பார்ப்பவன் என்ற முறையில், அந்த யந்திரத்தினுள் நடப்பது யாதென்று அறிய விரும்பினேன். அலுவலகக் கணினியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆகவே மாணவர் பயில்வதற்கென்றே வகுக்கப்பட்ட எளிய கணினி ஒன்றை நாடினேன். அதன் பெயர் மேரி. லிண்டா நல், ஜூலியா லோபர் என்னும் இரு பெண்மணிகள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த தங்கள் பாடநூலில் அதனை அமைத்துத் தந்தனர். மேரி கடையில் விற்கும் பொருளன்று. அதைப் போலவே நடந்து காட்டும் சிமுலேட்டரை நம் வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். முதலில் ஜாவா என்னும் மென்பொருளை நிறுவி, பின்னர் சிமுலேட்டர் கோப்பைத் திறந்தால் போதும், பணச் செலவில்லை. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கில வழியில் பயின்ற எனக்கு அது தடையாகவில்லை. தடையாகக் கூடியவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

மேரியின் நினைவகத்தில் 4,096 அறைகள் உள்ளன. லயத்து வீடுகளைப் போல ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வோர் அறையிலும் 16 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 மட்டுமே இருக்கும். கட்டளையும் அவ்வடிவமே. முதல் நான்கு இடங்கள் செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும். எஞ்சிய பன்னிரண்டும் பெரும்பாலும் அறையெண்ணைக் குறிக்கும். 0001 என்றால் 'அவ்வறையில் உள்ளதை எடு'. 0010 என்றால் 'அங்கே வை'. 0011 என்றால் 'கூட்டு'. 0100 என்றால் 'கழி'. பெருக்கு என்ற கட்டளையே இல்லை!

செம்பனைக் குலை ஒன்றுக்கு 60 காசு, ஒருவர் வெட்டியது 45 குலை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கத் தெரியாத மேரியிடம் இதற்குக் கணக்குக் கேட்பது எப்படி? தொகையோடு 60ஐக் கூட்டு; எண்ணிக்கையில் ஒன்றைக் கழி; எண்ணிக்கை பூஜ்யமாகவில்லையெனில் திரும்பவும் முதலிலிருந்து செய். இதற்குப் பதினொரு கட்டளைகளும் நான்கு எண்களுக்கான அறைகளும் போதும். ஒவ்வொரு கட்டளையாக நடத்திப் பார்க்கவும் வழியுண்டு. 60, 120, 180 என்று தொகை ஏறுவதைக் கண்ணாரக் காணலாம். முடிவில் 2700 என்று வருகிறது. அதாவது 27 வெள்ளி. 45 என்பதை 44 என்று மாற்றிக் கொடுத்தால், அதே பணிவோடு 2640 என்று கூறுகிறது. குலை வெட்டியவரின் வியர்வையை அது அறியாது. கொடுத்த எண்ணை மட்டுமே அறியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 16 இடங்களில், கழிவெண்களுக்கும் இடம் விட்டு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதன் மேல் ஒன்றைக் கூட்டித் தாளில் எழுதிப் பாருங்கள்: முதலிடத்தில் 1 வந்து, அவ்வடிவம் 32,768 குறைவு என்று பொருள்படும். காசுக் கணக்கில் சொன்னால், 327 வெள்ளி 67 காசு சம்பாதித்தவருக்கு இன்னும் ஒரு காசு சேர்ந்ததும், 327 வெள்ளி 68 காசு கடன்! மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாதக் குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. அது மேரியின் ஓர் அறைக்குள் அடங்காது. அலுவலகக் கணினிகளின் அறைகள் பெரியவை. அங்கே இவ்வாறு நேருமென்று நான் கூறவில்லை. ஆனால் அறையின் அளவையும், கட்டளையின் வரிசையையும், உள்ளிடும் எண்ணையும் தீர்மானிப்பவர் மனிதரே என்பதை இது தெளிவாக்குகிறது.

மனிதர் தீர்மானித்ததை மனிதர் கேள்வி கேட்கலாம். எத்தனை குலை பதிவாயிற்று? என்ன விகிதம் போடப்பட்டது? எந்த விதிப்படி பிடித்தம் செய்யப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை கேட்பது யந்திரத்தை அவமதிப்பதாகாது. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் இளைஞர்கள் விசையை அழுத்தப் பழகியதோடு நில்லாமல், இத்தகைய சிறு கணினியொன்றில் பத்துக் கட்டளைகளேனும் எழுதிப் பழகுவார்களாக. கணக்கின் வழி தெரிந்தவனை "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்று யாரும் வாயடைக்க முடியாது.