மாம்பலம் கால்வாய்: வள்ளுவர் கோட்டத்திலிருந்து அடையாறு வரை

சென்னை தியாகராய நகரின் மழைநீரை வடித்துச் செல்லும் மாம்பலம் கால்வாய், வள்ளுவர் கோட்டத்தின் அருகே தொடங்கி, விஜயராகவா சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை ஆகியவற்றைக் கடந்து, சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாகத் தெற்கே சென்று அடையாற்றில் கலக்கிறது. நீளம் சில கிலோமீட்டரே ஆயினும், தெருவில் மழைநீர் ஏன் தேங்குகிறது என்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் இதன் கரையிலேயே காணக் கிடைக்கின்றன.

கால்வாய் தொடங்கும் இடம் முன்பு ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதி 1920களில் வடிக்கப்பட்டு, தியாகராய நகர் என்னும் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் தூர்க்கப்பட, 1976இல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அந்த இழப்பின் அளவை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர் 1 கோடி லிட்டர். 1 மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் ஏரி கொள்ளும் நீரும் 1 கோடி லிட்டரே. ஏரி இருந்த காலத்தில் மழைநீர் அதில் தங்கி, நிறைந்த பின்னரே கலங்கல் வழியாக, அதாவது உபரிநீர் வெளியேறும் வாய் வழியாக, மெல்ல வடிந்தது. இன்றோ கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்க இடமின்றிச் சில நிமிடங்களில் கால்வாயை நோக்கி ஓடிவருவதால், ஏரி பல நாட்களில் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் செய்யுமாறு ஒரு குறுகிய கால்வாய் பணிக்கப்பட்டிருக்கிறது.

நடுப்பகுதியில் இருபுறத் தெருக்களின் வடிகால்கள் வந்து சேர்கின்றன. சாலையோர வாயில் விழும் நீர் முதலில் ஒரு வண்டல் தொட்டியில் தங்கி, மணலையும் குப்பையையும் அதன் அடியில் விட்டுவிட்டு வடிகாலுக்குள் செல்ல வேண்டும் என்பதே அமைப்பு. ஆனால் வாயின் கம்பிச்சட்டத்தில் சருகும் பிளாஸ்டிக் உறையும் தேநீர்க் குவளையும் படிந்து அடைத்துவிட்டால், அடியிலுள்ள வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மேலே தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும். கோடையில் வறண்டிருக்க வேண்டிய கால்வாயில் சித்திரை மாதத்திலும் கறுத்த நீர் நிற்பதற்குக் கழிவுநீர் கலப்பே காரணம். அந்த நீரும் அதன் சேறும் கால்வாயின் கொள்ளளவில் ஒரு பங்கை மழைக்கு முன்பே பிடித்துக்கொள்கின்றன. 2021 நவம்பர் 7ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பதிவானபோது தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. கால்வாயில் நடந்துவந்த சீரமைப்புப் பணியின் இடிபாடுகள் நீரோட்டத்தைத் தடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அதன்பின் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அரசு ஆலோசனைக் குழு அமைத்ததும், நகரெங்கும் புதிய வடிகால்கள் கட்டப்பட்டதும் வரவேற்கத்தக்கவையே.

எனினும் கால்வாயின் திறனை இறுதியாக முடிவு செய்வது அதன் கடைமுனைதான். தட்டையான நிலத்தில் நீர் ஓடுவது, மேல்முனைக்கும் கடைமுனைக்கும் இடையிலுள்ள நீர்மட்ட வேறுபாட்டால் மட்டுமே. அடையாறு பெருகி அதன் மட்டம் கால்வாயின் மட்டத்தை எட்டினால் ஓட்டம் நின்றுவிடும். அதையும் தாண்டினால் ஆற்றுநீரே கால்வாய்க்குள் ஏறிவரும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாகி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் ஆற்றில் விடப்பட்டபோது, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் ஆகிய கரையோரப் பகுதிகளில் ஆறே தெருவுக்குள் புகுந்தது. இத்தகைய நேரத்தில் மேலே வடிகாலை அகலப்படுத்துவதால் பயனில்லை. ஆற்றுநீர் ஏறாமல் தடுக்கும் கதவும், உள்நீரை ஆற்றில் இறைத்துவிடும் மோட்டார்களும் வேண்டும்.

ஆற்றின் மட்டமும் கடலைப் பொறுத்ததே. பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையே அடையாற்றின் முகத்துவாரத்தில் அலைகள் கொண்டுவந்து சேர்க்கும் மணல் திட்டாகி வாயைச் சுருக்குவதால், கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் வெளியேறுவது மேலும் தாமதமாகிறது.

தெரு வடிகாலும் கால்வாயும் மாநகராட்சியிடமும், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடமும், ஆறு நீர்வளத் துறையிடமும் தனித்தனியே இருக்கின்றன. நீரோ இவை அனைத்தின் வழியாகவும் ஒரே ஓட்டமாகச் செல்கிறது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன், முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி, ஒரே அட்டவணையின்படி மூன்று துறைகளும் தூர்வாரும் பணியை முடிக்க வேண்டும். கடைமுனை திறக்கப்படாத நிலையில் தெருமுனையில் கட்டப்படும் ஒவ்வொரு புதிய வடிகாலும் கீழே உள்ள குடியிருப்புகளுக்கு வெள்ளத்தை விரைவாகக் கொண்டுசேர்க்கவே பயன்படும்.