முட்டை அவிக்கத் தெரியுமா?

தாம்பரம் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கிற மக்களே, மாசக் கடைசியில் நம்மைக் காப்பாற்றுவது நாமக்கல் முட்டைதான். சத்துணவில் 2010-ல் வாரத்துக்கு 5 முட்டை என்று ஆக்கினார்கள் என்றால் சும்மாவா? அதை வீணாக்கலாமா?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கிற தண்ணியில் போடாதீங்க, ஓடு விரிசல் விடும். அன்றைக்கே இட்ட முட்டை என்றால் உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். சில நாள் ஆனதே நல்லது. தண்ணி கொதித்தபின் 10 நிமிஷம் போதும், உடனே பச்சைத் தண்ணிக்கு மாற்றுங்க.

அடுப்பில் வைத்துவிட்டு செமஸ்டருக்குப் படிக்கப் போனால் மஞ்சள் கருவைச் சுற்றி பச்சை வளையம் வரும். பயந்து தூக்கிப் போடாதீங்க! கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலுள்ள கந்தகமும் சேர்ந்ததுதான் அது, விஷமில்லை. குப்பைக்குப் போக வேண்டியது நாறுகிற முட்டை.