மாமாவின் லான்சரும் மருமகனின் கூப்பேயும்

தங்கையின் மகன் அண்மையில் வாங்கிய பி.எம்.டபிள்யூ 218 கூப்பேயில் வெள்ளவத்தையிலிருந்து காலி வரை சென்று வந்தேன். தெற்கு அதிவேகப் பாதையில் ஏறியதும் அவன் காலைச் சற்றே அழுத்தினான். இருக்கை என் முதுகைத் தள்ளியது. அவ்வளவுதான்.

"எப்பிடி மாமா இழுவை?"

"இழுவை இருக்கு. சத்தம் எங்கையடா?"

அவன் சிரித்தான். அங்கே வேக எல்லை நூறு கிலோமீற்றர். இருநூறைத் தாண்டக்கூடிய வாகனத்தை நூறில் அடக்கி ஓட்டுவதற்கே இந்த நாட்டில் இத்தனை பணம் கொடுக்கிறோம்.

அதன் இயந்திரத்துக்கு மூன்றே உருளைகள், 1,499 கன சென்ரிமீற்றர், 136 குதிரைவலு. வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையிலுள்ள விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவதுதான் டேர்போவின் வேலை. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம். முன்னைய டேர்போக்களில் காலை அழுத்திச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு திடீரெனப் பாயும். இப்போதைய சிறு டேர்போ 1,250 சுழற்சியிலேயே முழு இழுவிசையையும் தந்துவிடுகிறது. காத்திருப்பு ஏறக்குறைய இல்லை.

கொழும்பில் இவை பெருகியதற்கு வேகத்தின் மீதுள்ள மோகம் மட்டும் காரணமன்று. நமது இறக்குமதி வரி இயந்திரக் கொள்ளளவைப் பார்ப்பது. ஆயிரம் கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட ஹொண்டா சிவிக் டேர்போ இங்கே காலி வீதி முழுவதும் ஓடுவதன் இரகசியம் அதுவே.

என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, 1979இல் ஒரு மிற்சுபிஷி லான்சர் 1600 ஜீ.எஸ்.ஆர். வைத்திருந்தார். இரண்டு கதவுகள், இரண்டு காபரேற்றர்கள், 110 குதிரைவலு. எடை எண்ணூற்று இருபத்தைந்து கிலோ அளவுதான்; மருமகனின் காரோ ஏறக்குறைய 1,400 கிலோ. ஒரு குதிரைவலு சுமக்க வேண்டிய பாரம் பழையதில் ஏழரைக் கிலோ, புதியதில் பத்துக்கும் மேல். ஆனால் லான்சரின் முழு வலுவையும் பெற 6,700 சுழற்சி வரை விரட்ட வேண்டும். அதுவரை அது கத்தும். கியர்த் தடி கையில் நடுங்கும். கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் கிழக்காபிரிக்க சபாரி ஓட்டப்போட்டியை வென்றது இந்த ரகக் காரில்தான். மாமா அதைச் சொல்லாமல் யாரையும் அதில் ஏற்றியதில்லை.

இரண்டு காபரேற்றர்களும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு சிங்களப் பாஸ் இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றர் வாயிலும் வைத்துக் கேட்டுக் கேட்டே அவற்றைச் சரிசெய்வார். பத்திரிகை வேலை முடிந்து நானும் அங்கே போய் நிற்பேன். மாமாவும் அந்தக் குழாயை வாங்கிக் கேட்கப் பழகிக்கொண்டார்.

1983 ஜூலை 25ஆம் திகதி லான்சர் அந்தக் கராச்சில் நின்றது. வெள்ளவத்தையில் மாமாவின் வீடு அன்று பிற்பகல் எரிந்தது. தெருக்களில் கார்களை மறித்து, அவற்றின் பெற்றோலை எடுத்தே அவற்றைக் கொளுத்தினார்கள். கொட்டாஞ்சேனையிலும் தீ. பாஸ் லான்சரின் நான்கு சில்லுகளையும் கழற்றி, கல்லில் ஏற்றி, படங்கால் மூடி, மேலே பழைய இரும்புகளைப் போட்டு வைத்தார். யார் கார் என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னார் என்பதைக் கடைசி வரை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

மாமா குடும்பம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தது. சில வாரங்களில் பாஸ் காரை விற்று, பணத்தை என்னிடம் எண்ணித் தந்தார். தனக்குரிய கூலியைக்கூட எடுத்திருக்கவில்லை. மாமா ரொறன்ரோ சென்றது அந்தப் பணத்தில்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களுக்கும் கிராக்கி வந்தது. 2025இல் தடை தளர்ந்த பிறகும், அவற்றைத் தேடிப் பிடித்துத் திருத்தும் பைத்தியம் சிலரை விட்டுப் போகவில்லை. காலிப் பயணம் முடிந்த மறுவாரம், கொட்டாஞ்சேனையில் அப்படி ஒருவரிடம் ஒரு ஜீ.எஸ்.ஆர். இருப்பதாக அறிந்து மருமகனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஸ்ரீ இலக்கத் தகடு. ஆனால் மாமாவின் இலக்கம் அன்று. உரிமையாளர் சாவியைத் தந்தார்.

ஸ்டியறிங் கல்லாய்க் கனத்தது. குளிரூட்டி இல்லை. பிரேக்கை அழுத்தினால் கார் யோசித்துவிட்டே நிற்கிறது. இந்த நெரிசலில் இதை நாள்தோறும் ஓட்ட என்னால் முடியாது. பாதுகாப்பிலும் எரிபொருள் சிக்கனத்திலும் புதியதற்குப் பக்கத்திலும் இது வராது. 2022இல் வாரத்துக்கு இருபது லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து தந்தபோது இதை வைத்திருந்தவர் என்ன பாடுபட்டாரோ! ஆயினும் ஐயாயிரம் சுழற்சியைத் தாண்டியதும் எழுந்த அந்த ஓசையில் மருமகன் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

திரும்பி வந்து நிறுத்தியதும், இயந்திரத்தை அணைக்காமல் ரொறன்ரோவுக்கு அழைத்தேன். மாமாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். கைப்பேசியை இயந்திரத்தின் அருகே பிடித்தேன். நெடுநேரம் பேச்சில்லை.

"என்ர காரோ?"

"இல்லை மாமா. வேறை ஒண்டு."

இன்னும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன் காபரேற்றர் கொஞ்சம் பிந்துது. அவரிட்டைச் சொல்லு, கால் திருகு போதும்."