ரோதையும் அதை ஓட்டிய கையும்

ஓய்ந்துபோன வேலைத்தலமொன்றை அருங்காட்சியகமாக்கும்போது, காட்சி அமைக்கும் எங்கள் கண் முதலில் போவது இயந்திரத்தின்மேல்தான். துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி, பெயர்ப்பலகை வைத்தால் கடமை முடிந்ததென்று நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, நெடுங்காலம் மூடிக்கிடந்து 2001இல் அருங்காட்சியகமானது. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. கட்டடங்கள் பிழைத்தது நல்லதே. ஆனால் வாட்டிய கொழுந்தை ரோதை என்னும் உருட்டு இயந்திரத்தில் போடுமுன், ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரித்ததும் உருண்டை உதிராமல் நிற்கிறதா என்று பார்த்துப் பதம் சொன்ன அறிவை இரும்பு சொல்லாது. ஸ்டோர் என்று அழைத்த அந்தத் தொழிற்சாலையில், இயந்திரங்களின் காவல்தெய்வமான ரோதைமுனியைக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்கிய பயத்தையும் அது சொல்லாது.

இது தேயிலைக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் போட்சியில் 1937இல் இயங்கத் தொடங்கிய ராடார் நிலையமும் இன்று அருங்காட்சியகம்தான். விமானத்தில் பட்டுத் திரும்பிய அலையைக் கருவி வாங்கித் தந்தது. திரையில் துடித்த ஒளிக்கோட்டைப் பார்த்து, வருவது ஒன்றா பலவா என்று கணித்தது அங்கே பணிபுரிந்த பெண்களின் பழகிய கண். கருவியை வைத்து அந்தக் கண்ணை விட்டால், ராடாரின் கதை பாதியாகிவிடும்.

கைப்பழக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. ஆனால் பதம் பார்த்தவரின் குரலையும் கையசைவையும் பதிவுசெய்து, அந்த ரோதையின் பக்கத்திலேயே ஓடவிடலாம். இதைவிடக் கனமான கேள்வி இன்னொன்று: கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், இன்றும் குடும்பங்கள் லயக் காம்பராவில் வாழும்போது, அதைப் பழம்பொருளாகக் காட்டலாமா? கடந்துபோன காலம் என்று காட்டினால் அது அநீதிதான். ஆனால் அந்த லயத்து அடுப்பும், தொழிலாளரின் கடனைக் குறித்த துண்டுச்சீட்டும் காணியுரிமைக்கும் வீட்டுரிமைக்குமான சாட்சியாக நின்றால், அதைவிட உயிருள்ள காட்சி வேறில்லை. ஆகவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அடுத்த ஸ்டோர் மூடப்படும்போது, இயந்திரப் பட்டியல் எழுதுமுன் அங்கே வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுத வேண்டும். இரும்பு காத்திருக்கும், அவர்களின் வயது காத்திருக்காது.