உடைந்த தட்டுகளால் ஜொலிக்கும் வீடு... கேலிப்பெயரே விலாசமான கதை!

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் ஷார்த்ர் வந்துவிடும். இங்கு இறங்குபவர்களில் பெரும்பாலானோர் நேராகப் போவது, நீலக் கண்ணாடி ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற பழைமையான தேவாலயத்துக்குத்தான். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி, நகரின் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கமாக நடந்தால் ஓர் அமைதியான தெரு வரும். தெருவின் பெயருக்கு அர்த்தமே 'ஓய்வு'. அங்கேதான் இருக்கிறது அந்தச் சின்னஞ்சிறு வீடு.

வீட்டைக் கட்டியவர் ரேமோன் இசிதோர். 1900-ல் பிறந்தவர். சாலைப் பணி செய்து, பிறகு கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கும் வேலைக்குப் போனவர். தானே துண்டு நிலம் வாங்கி, தன் கையாலேயே கட்டிய வீடு. குடும்பம் தங்கக் கூரை கிடைத்தது. அழகுக்குச் செலவழிக்கக் கையில் காசில்லை.

1938-ல் ஒருநாள் வயல்வெளியில் நடந்தபோது, மண்ணில் பளபளத்த கண்ணாடி, பீங்கான் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. நிறத்துக்காகவே பொறுக்கிவந்து தோட்டத்து மூலையில் குவித்தார். குவியல் பெருகியபோதுதான், 'இதைச் சுவரில் பதித்தால் என்ன?' என்று தோன்றியது.

முதலில் உள்சுவர்கள். சிமென்ட் பூசி, அது காய்வதற்குள் துண்டுகளைப் பதித்தார். அடுத்து சமையலறை. கரி படிந்து எந்த வீட்டிலும் கண்ணை உறுத்துகிற அடுப்பையும் அதன் புகைக்குழாயையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மேஜை, நாற்காலி, கட்டில், தையல் மெஷின் என எல்லாமே பூப்பூவாக மாறின. வீட்டுக்குள் இடம் தீர்ந்ததும் வெளிச்சுவர், முற்றம், தோட்டம் என்று வேலை நீண்டது. தினமும் தூரத்தில் பார்த்த தேவாலயத்தையும் துண்டுகளாலேயே சுவரில் எழுப்பினார். இப்படியே 24 ஆண்டுகள் ஓடின.

குப்பைமேட்டில் தட்டு பொறுக்கும் மனிதரை ஊர் சும்மா விடுமா? 'பிகாசியெத்' என்று பெயர் வைத்தது. பிரெஞ்சில் அடுத்தவர் வீட்டில் ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிறவரை 'பிக் அசியெத்' என்பார்கள். 'அசியெத்' என்றால் தட்டு. ஓவியர் பிகாசோவின் பெயரும் அதில் ஒலிக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு கிண்டல்!

அவர் கைவேலையை நிறுத்தவில்லை. 1962 வரை பதித்தார், 1964-ல் மறைந்தார்.

1983-ல் பிரெஞ்சு அரசு இந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இன்று வாசலில் இருக்கும் பெயரே 'பிகாசியெத் வீடு'தான். உடைந்த பீங்கானைப் பதித்துச் செய்யும் மொசைக் வேலையையே பல நாட்டுக் கைவினைக் கலைஞர்கள் 'பிக் அசியெத்' என்றுதான் அழைக்கிறார்கள். அவரைக் கேலி செய்த சொல், இன்று ஒரு கலையின் பெயர்.

குளிர்கால மாதங்களில் வீடு மூடியிருக்கும் என்பதால், நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. உள்ளே போனால் அந்த அடுப்பைத் தவறவிட வேண்டாம். வெவ்வேறு வீடுகளில் உடைந்து, யாருக்கும் வேண்டாமல் போன தட்டுகளின் பூக்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் பூத்திருக்கின்றன.