ஒளியும் சுவரும்

ஓவியம் தீட்டுமுன் ஒளியைத் தேர்ந்துகொள்ளுமாறு கல்லூரியில் எம் சித்திர ஆசிரியர் அடிக்கடி கூறுவார். அதன் பொருளை நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன்.

கல்முனையில் என் இல்லத்து அறையொன்றை ஓவியக்கூடமாக்கி, சுவர்களுக்குப் பச்சை வர்ணம் பூசினேன். நோயுற்றிருந்த அன்னையைச் சுவரருகே இருத்தி, வடக்கு யன்னலோரம் நின்று வரைந்தேன். முடிந்த படத்தை முற்றத்திற்குக் கொணர்ந்தபோது திடுக்குற்றேன். சுவரின் பச்சை அன்னையின் கன்னத்திற் படிந்திருந்ததை அறியாது, அதனையே தீட்டியிருந்தேன்! திருத்தி வரைவதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

பின்னர் சுவர்களுக்கு மங்கிய சாம்பல் நிறம் பூசினேன். வடக்கு யன்னலே சிறந்ததென்பது ஐரோப்பிய ஓவியர் கொள்கை. அங்கு நண்பகல் ஞாயிறு என்றும் தெற்கே நிற்கும். ஏறத்தாழ 7.4 பாகை வட அகலாங்கிலுள்ள கல்முனையிலோ, ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் முடியும்வரை அது வடக்கே சாயும். ஆதலால் தாழ்வாரத்தை நீட்டி, காலை மாலைக் கதிரைத் தடுக்க யன்னலின் இருபுறமும் தட்டி கட்டினேன். மஞ்சள் மின்குமிழின் கீழ் மஞ்சளும் வெள்ளையும் மயங்குமாதலின், இரவில் வர்ணம் தொடுவதில்லை.

அப்படத்தை நான் திருத்தவில்லை. சித்திரம் பயில வரும் மாணவர்க்கு முதலில் அதனையே காட்டுகிறேன்.